விளங்கவில்லை என்பவன் குற்றவாளியா?

1

கலைப்படைப்பு ஒன்றைக் கண்டு முடித்த ஒருவன் "எனக்கு விளங்கவில்லை" என்று கூறும்பொழுது அவனுக்கு இரு வகையான மறுமொழிகள் கிடைப்பதுண்டு. அவன் எடுத்துக்கொண்டது பெரும் பெயர் பெற்ற கவிதையோ நாவலோ ஆயின், "உனக்குப் பயிற்சி போதாது" என்பர். அது வெகுசனத் தொலைக்காட்சித் தொடராயின், "அதில் விளங்கிக்கொள்வதற்கு என்ன இருக்கிறது?" என்பர். முன்னையதிற் குற்றம் அவனுடைய அறியாமை. பின்னையதில் அவனுடைய இரசனைக் குறைவு. எவ்வாறாயினும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுபவன் சுவைஞனே. படைப்பை அக்கூண்டில் ஏற்றி வினாவுவார் மிகச் சிலர்.

இவ்வழக்கத்தை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். "விளங்கவில்லை" என்பது தோல்வியின் ஒப்புதல் அன்று. அது ஒரு விமரிசனக் கூற்று. ஏனைய விமரிசனக் கூற்றுக்களைப் போலவே அதுவும் சரியாகவோ பிழையாகவோ இருக்கலாம். ஆயின் அதனை ஆராய்ந்து பார்த்த பின்னரே தள்ளவோ கொள்ளவோ வேண்டும். ஆராயாது தள்ளுவது புலமையாகாது.

இதற்கு உதாரணமாக நான் எடுத்துக்கொள்வது உயர் இலக்கியம் எதுவுமன்று. இரத்தக்காட்டேரி ஒருவன் துப்பறிவாளனாகத் தொழில் புரியும் கனேடியத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றும், அதன் இறுதி அங்கம் கிளப்பிய குழப்பமுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க மலரொன்றில் இத்தகைய பொருளுக்கு என்ன வேலை என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். அவர்களுக்கு ஒன்று கூறலாம். விமரிசனக் கோட்பாடு ஒன்றின் வலிமையை அறிய வேண்டுமாயின், அனைவரும் போற்றும் நூலில் அதனைப் பரீட்சிப்பதிற் பயன் குறைவு. அங்கு நூலின் புகழே கோட்பாட்டைத் தாங்கிவிடும். எவரும் மதிக்காத படைப்பிலே பரீட்சிக்கும்பொழுதுதான் கோட்பாடு தன் சொந்தக் காலில் நிற்கிறதா என்பது தெரியவரும்.

2

'ஃபொரெவர் நைற்' எனும் தொடர் 1992 ஆம் ஆண்டு அமெரிக்காவின் சீ.பீ.எஸ். வலையமைப்பில், முன்னிரவு நிகழ்ச்சிகள் முடிந்த பின்னர் வரும் பிந்திய நேரத்தில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. 1993 இல் அந்நேரத்தை டேவிட் லெற்றர்மனின் உரையாடல் நிகழ்ச்சி எடுத்துக்கொண்டபொழுது தொடர் இடமிழந்தது. 1994 இல் வேறு வழியால் மீண்டும் வந்து, 1996 மே மாதத்தில் மூன்றாம் பருவத்தோடு முடிவுற்றது. அங்கங்கள் மொத்தம் 70.

கதைத்தலைவன் நிக் நைற் ரொறன்ரோ நகரப் பொலிசாரின் கொலை விசாரணைப் பிரிவிலே துப்பறிவாளன். அவன் 1228 ஆம் ஆண்டு இரத்தக்காட்டேரியாக மாற்றப்பட்ட ஒரு மத்தியகாலப் போர்வீரன். அவனை மாற்றியவன் லக்குருவா; ரோமப் பேரரசின் படைத்தலைவனாக இருந்தவன். நிக் மனித இரத்தத்தைத் துறந்து, மாட்டிரத்தம் அருந்தி, தான் செய்த பழிகளுக்குக் கழுவாயாகக் கொலையுண்டோருக்கு நீதி தேடுகிறான். மீண்டும் மனிதனாகிவிட வேண்டுமென்பது அவனுடைய வேட்கை. பிணப்பரிசோதனை மருத்துவரான நற்றலி அதற்கு மருந்து தேடுகிறாள். அவனைக் காதலிக்கவுஞ் செய்கிறாள். ஒவ்வோர் அங்கத்திலும் இன்றைய குற்றமொன்றும் முன்னைய நூற்றாண்டொன்றின் நினைவும் அடுத்தடுத்து வந்து ஒன்றையொன்று விளக்கும். தலைப்பிலுள்ள 'நைற்' என்ற ஒலி ஆங்கிலத்தில் வீரனையும் இரவையும் ஒருங்கே குறிக்கும் சிலேடையாகும்.

'லாஸ்ற் நைற்' எனும் இறுதி அங்கத்தில் நிக்கின் சக துப்பறிவாளரான ட்றேசி சுடப்பட்டு இறக்கிறாள். காதலின் வலிமையால் நிக் மனிதனாகலாம் என நம்பிய நற்றலி தன்னையே அவனுக்கு அளிக்கிறாள். அவன் எல்லை கடந்து அருந்திவிடுகிறான். அவள் மரணத்தின் விளிம்பிற் கிடக்கிறாள். அவளைத் தன்னினமாக்கிக் காப்பாற்ற நிக்கினால் முடியும்; அவன் மறுக்கிறான். தன்னைக் கொன்றுவிடுமாறு லக்குருவாவை வேண்டுகிறான். லக்குருவா கூரிய கழியை உயர்த்துகிறான். அடி விழுந்ததா என்பது காட்டப்படவில்லை. விடியற் சூரியனோடு தொடர் முடிந்துவிடுகிறது.

3

இம்முடிவு பார்வையாளரை ஏன் குழப்பியது என்பதை விளங்கிக்கொள்ள, இத்தொடர் எத்தகைய கலவை என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

துப்பறியுங் கதை வாசகனோடு ஓர் உடன்படிக்கை செய்துகொள்கிறது. தொடக்கத்தில் எவ்வளவு இருள் இருப்பினும் இறுதியில் எல்லாம் வெளிச்சத்துக்கு வரும் என்பதே அந்த உடன்படிக்கை. ஆங்கிலத் துப்பறியுங் கதைகளின் செழிப்புக் காலத்தில், 1929 இல், ரொனால்ட் நொக்ஸ் என்னும் கத்தோலிக்க மதகுரு இக்கதை வகைக்குப் பத்து விதிகளை வகுத்தார். அமானுஷ்ய சக்திகளுக்கு இடமில்லை என்பது அவற்றுள் ஒன்று. 1924 இல் வெளிவந்த 'சசெக்ஸ் இரத்தக்காட்டேரி' என்னும் கதையிலே கொனன் டொயிலின் ஷேர்லொக் ஹோம்ஸ் இரத்தக்காட்டேரி உண்டென்ற எண்ணத்தையே எள்ளி ஒதுக்குகிறான். குழந்தையின் கழுத்தில் வாய்வைத்த தாய் நஞ்சை உறிஞ்சி எடுத்தவளே என்றும், நஞ்சூட்டியவன் பொறாமை கொண்ட மூத்த மகனே என்றும் நிறுவுகிறான். பேய் மறைகிறது, பகுத்தறிவு வெல்கிறது.

இரத்தக்காட்டேரிக் கதையின் உடன்படிக்கையோ முற்றிலும் வேறானது. உலகில் விளக்கத்துக்கு அகப்படாத ஒன்று எஞ்சி நிற்கும் என்பதே அது தரும் வாக்குறுதி. பிறாம் ஸ்ரோக்கரின் 'டிராகுலா' 1897 இல் வெளிவந்தது. நாட்குறிப்பு, கடிதம், தந்தி, ஒலிப்பதிவு எனச் சான்றுகளைக் குவித்து வழக்குக்கோவை போல அமைந்த அந்நாவல், இறுதியில் இவற்றையெல்லாம் எவர் நம்புவார் என்ற ஐயத்தையும் சேர்த்தே கையளிக்கிறது.

ஆகவே இரத்தக்காட்டேரித் துப்பறிவாளன் என்பவன் ஒன்றையொன்று மறுக்கும் இரு வாக்குறுதிகளின் கலப்பினன். "எல்லாம் தெளியும்" என்கிறது ஒரு குரல். "ஒன்று தெளியாது" என்கிறது மற்றது. இத்தகைய தொடரைப் பார்ப்பவன் வாரந்தோறும் சான்று திரட்டப் பயிற்றப்படுகிறான். எழுபது அங்கங்கள் அவனைத் துப்பறிவாளனாக வளர்த்துவிட்டு, இறுதி நொடியில் "நீ ஏன் துப்பறிகிறாய்? இது மர்மம்" என்று கூறுவது நேர்மையா என்பதே கேள்வி. பார்வையாளனின் குழப்பம் அவனுடைய மந்தபுத்தியால் விளைந்ததன்று. படைப்பு அவனுக்குக் கற்பித்த பாடத்தை அவன் சரியாகக் கற்றுக்கொண்டமையால் விளைந்தது.

4

இம்முடிவுக்குப் பார்வையாளர் காட்டிய எதிர்வினைகளை மூன்றாக வகுக்கலாம்.

கழி விழுந்தது, நிக் மாண்டான், நற்றலியும் மாண்டாள் என்று கொண்டோர் முதலாம் வகையினர். இவர்களுட் சிலர் அதனைக் காவிய முடிவாக ஏற்றனர், பலர் சினந்தனர். கழி விழவில்லை என்று வாதிட்டோர் இரண்டாம் வகையினர். எண்ணூறு ஆண்டுகளாக நிக்கைத் தன்னருகே வைத்திருக்க எதையுஞ் செய்த லக்குருவா அவனை அழிக்கத் துணியான் என்பது இவர்தம் நியாயம். மூன்றாம் வகையினர் அவ்வங்கத்தையே ஏற்க மறுத்துத் தாமே தொடர்ச்சிகள் எழுதினர்.

இம்மூவரையும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது நம்மவரிடையே எளிதான காரியம்: "சோகத்தைத் தாங்கமாட்டாத பாமர இரசனை." சுகமான முடிவை வேண்டி அழுத குழந்தைகள் எனக் கூறி முடித்துவிடலாம். ஆயின் இக்கூற்றை முன்வைப்போர் அப்பார்வையாளர் எவ்வாறு வாதிட்டனர் என்பதைச் சற்றேனும் அவதானித்தவர்களாகத் தெரியவில்லை.

இறுதி அங்கத்தில் நிக் ஏன் நற்றலியைத் தன்னினமாக்கிக் காப்பாற்றவில்லை என்பதை ஒரு சான்றாகக் கொள்வோம். அவ்வங்கத்தை மட்டும் பார்ப்பவனுக்கு இது மூடத்தனமாகவே தோன்றும். ஆயின் அதற்கு முன்னைய அங்கம் ஒன்றிலே ஜனெற் என்பவள் மீண்டும் வருகிறாள். நிக்கைப் போலவே லக்குருவாவின் வழிவந்த அவள், மனிதன் ஒருவன்மீது கொண்ட காதலால் மனிதப்பிறவியாகவே மாறியிருக்கிறாள். நிக் நூற்றாண்டுகளாகத் தேடியது அவளுக்குத் தேடாமலே கிட்டிற்று. அவள் இறக்குந் தறுவாயில் நிக் அவளை இழக்க மனமின்றி, அவளுடைய விருப்பத்துக்கு மாறாக, மீண்டும் இரத்தக்காட்டேரியாக்கிவிடுகிறான். இதனை நினைவிற் கொண்டு பார்ப்பவனுக்கு இறுதி அங்கத்தின் இரண்டு செயல்கள் உடனே தெளிகின்றன. ஜனெற்றுக்கு வாய்த்தது நிக்குக்கும் வாய்க்கலாம் என்பதே நற்றலியின் நம்பிக்கைக்கு அடிப்படை. ஜனெற்றுக்குச் செய்த பிழையை நற்றலிக்குச் செய்யக்கூடாது என்பதே நிக்கின் மறுப்புக்கு அடிப்படை.

இத்தொடர்பு ஒரே அங்கத்தினுள்ளே கிடைப்பதன்று. முன்னும் பின்னும் வைத்து நோக்கியே பெறவேண்டியது. பாட்டொன்றில் ஒரு சொல்லின் பொருளைப் பிறிதோர் அடியிலுள்ள சொல்லோடு கூட்டிக் காணும் மாணவனை நாம் மெச்சுகிறோம். அதே செயலைத் தொலைக்காட்சித் தொடரொன்றிலே செய்பவனை மட்டும் வேலையற்றவன் என்கிறோம். செயல் ஒன்று, மதிப்போ இரண்டு. வேறுபாடு செயலின் தரத்திலன்று, செய்பவனின் சமூக நிலையிலேயே உள்ளது. அறிஞன் மயங்கினால் அது படைப்பின் ஆழம், பாமரன் மயங்கினால் அது அவனுடைய மடமை என்ற இவ்விரட்டை அளவுகோலை விமரிசனம் என்று அழைப்பது அச்சொல்லுக்கே இழுக்காகும்.

5

ஆயின் முறைப்பாடு செய்வோர் அனைவரும் எல்லாவற்றிலும் சரியானவர் என்று கூற நான் முன்வரவில்லை. "விளங்கவில்லை" என்ற ஒரு சொல்லுக்குள் இரு வேறு முறைப்பாடுகள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்தறியாமையே இவ்விவாதம் முழுவதையும் கலக்கிவிடுகிறது.

என்ன நடந்தது என்பது விளங்காமை ஒன்று. இதனை நிகழ்ச்சி மயக்கம் எனலாம். நடந்தவற்றின் கருத்தென்ன, இதுவரை எழுப்பப்பட்ட வினாவுக்கு விடையென்ன என்பது விளங்காமை மற்றொன்று. இதனைப் பொருண் மயக்கம் எனலாம். முன்னையது கலைக்கு இழுக்கன்று. பல வேளைகளில் அதுவே அழகு. பின்னையதோ பெரும்பாலும் படைப்பின் தோல்வி.

இவ்வேறுபாட்டை இன்னொரு இரத்தக்காட்டேரித் துப்பறிவாளன் துலக்கிக் காட்டுகிறான். ஜோஸ் வீடனும் டேவிட் கிறீன்வோல்ட்டும் உருவாக்கிய 'ஏஞ்சல்' எனும் தொடர் 1999 முதல் 2004 வரை 110 அங்கங்களாக ஒளிபரப்பாயிற்று. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் துப்பறியும் நிலையம் நடத்தும் ஏஞ்சலும் பழைய பாவங்களுக்குக் கழுவாய் தேடும் இரத்தக்காட்டேரியே. 2004 பெப்ரவரியில் தொடரை நிறுத்தப்போவதாக அறிவிக்கப்பட்டது. இரசிகர் பணந் திரட்டி விளம்பரஞ் செய்து போராடியும் பயனில்லை. மே 19 ஆம் திகதி ஒளிபரப்பான இறுதி அங்கத்தில், மழை கொட்டும் ஒழுங்கையொன்றில் ஏஞ்சலும் எஞ்சிய தோழரும் எண்ணற்ற அரக்கர் படையை எதிர்கொண்டு நிற்கின்றனர். வாள் உயர்கிறது, போர் தொடங்குகிறது, தொடர் முடிந்துவிடுகிறது. வென்றார் யார், வீழ்ந்தார் யார் என்பது காட்டப்படவில்லை.

மேலோட்டமாக நோக்குமிடத்து இரு முடிவுகளும் ஒன்றே. இரண்டிலும் ஓங்கிய ஆயுதத்தோடு காட்சி அறுபடுகிறது. இரண்டும் நிறுத்தப்பட்ட தொடர்கள். இரண்டும் பார்வையாளரைத் திகைக்க வைத்தன. ஆயினும் 'ஏஞ்சலின்' முடிவைப் பலர் முதல் அதிர்ச்சி தணிந்த பின்னர் பொருத்தமானதென ஏற்றனர். அதனைக் கண்டித்தோரும் பெரும்பாலும் "மேலே காட்டியிருக்கலாமே" என்றுதான் குறைப்பட்டனர்.

காரணம் வெளிப்படை. ஏஞ்சலுக்கு, அவன் கடமை முடித்தால் மனிதனாவான் என்றொரு தீர்க்கதரிசனம் வாக்களித்திருந்தது. இறுதி அங்கத்தில் அவன் அவ்வுரிமையைத் தன் இரத்தத்தாற் கையொப்பமிட்டுக் கைவிடுகிறான். கைம்மாறு கருதாது செய்வதே அறம், வெற்றி தோல்வி அதன் அளவுகோலன்று என்பதை அத்தொடர் இரண்டாம் பருவத்திலேயே, 2001 இல், வெளிப்படையாக எடுத்துரைத்திருந்தது. எனவே ஒழுங்கையில் வெற்றி எவருக்கு என்பது காட்டப்பட வேண்டியதில்லை. காட்டியிருந்தால், வெற்றியே முக்கியம் என்று கூறியதாக முடிந்து தன் கருத்தையே அது மறுத்திருக்கும். இங்கு நிகழ்ச்சி மயக்கம் உண்டு. பொருண் மயக்கம் இல்லை. மௌனமே விடையாக அமைந்தது.

'லாஸ்ற் நைற்' பற்றி அவ்வாறு கூறமுடியாது. பாவி உழைப்பினால் மீளமுடியுமா என்பதே அத்தொடர் எழுபது அங்கங்களாக எழுப்பிய வினா. இறுதியில் அதற்குக் கிடைத்த விடை யாது? மீட்சி சாத்தியமே என்பதை ஜனெற்றின் கதை நிறுவிற்று. நிக்குக்கு மட்டும் அது ஏன் மறுக்கப்பட்டது? அவனுடைய வேட்கையின் மிகுதியாலா, நம்பிக்கையின் குறைவாலா, வெறும் விபத்தாலா? அவன் மரணத்தை வேண்டியது தியாகமா, விரக்தியா? லக்குருவா கழியை ஓங்கியது அன்பினாலா, தோல்வியினாலா? இவற்றுள் எதற்கும் அங்கத்தினுள்ளே பிடிமானம் இல்லை. இதற்கு முந்திய அங்கத்தில் வஷோன் மடிகிறான், இவ்வங்கத்தில் ட்றேசி மடிகிறாள், அடுத்து நற்றலி, அடுத்து நிக். மரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. ஒன்று மற்றதிலிருந்து விளைவதாகக் காட்டப்படவில்லை.

இதனைத் துன்பியல் நாடகம் என்று காப்பாற்ற முயல்வோர் உளர். ஜனெற்றின் கதையோடு இணைத்துப் பார்த்தால் நிக்கின் மறுப்பில் ஒரு துன்பியல் நியாயம் உண்டென்பதை நானும் ஏற்கிறேன். ஆயின் துன்பியலில் வீழ்ச்சி தலைவனுடைய செயலிலிருந்தே கிளைக்கவேண்டும். ட்றேசியைக் கொன்றது துப்பாக்கிக் குண்டு. அவ்விடத்தில் அது எவர் மீதும் பாய்ந்திருக்கலாம். அன்றியும், துன்பியல் தன் முடிவை அஞ்சாது காட்டும். ஓங்கிய கழியோடு காட்சியை அறுத்துக்கொள்வது துன்பியலின் துணிவன்று. அது மரணத்தையும் அறிவித்து, மீள்வருகைக்கும் கதவைத் திறந்துவைக்கும் இரட்டை நிலை. அவ்வாறு அமைத்தோரின் உள்ளக்கிடக்கை எதுவாயினும், பயன் ஒன்றே. நாளை எவரேனும் முதலிட முன்வந்தால் கழி விழவில்லை என்று கூறிவிடலாம். வராவிட்டால் விழுந்தது என்று கூறிவிடலாம். இத்தகைய மயக்கம் வணிகத்துக்கு வசதியானது. வணிகத்தின் வசதியைக் கலையின் ஆழமென மயங்குவது விமரிசகனுக்கு அடாது.

எனவே சினங்கொண்ட பார்வையாளரின் முறைப்பாடு, அதன் மிகைகளை நீக்கிப் பார்க்குமிடத்து, நியாயமானதே. அவர்கள் சுகமான முடிவைக் கேட்கவில்லை; எழுப்பப்பட்ட வினாவுக்குப் பொறுப்பேற்கும் முடிவையே கேட்டனர். நிகழ்ச்சியில் மறைவு இருக்கலாம். நியாயத்தில் மறைவு இருத்தலாகாது.

6

பார்வையாளரை இதுவரை ஆதரித்து எழுதிய நான், அவர்தம் பழக்கம் ஒன்றைக் கண்டியாதிருக்க முடியாது. குழப்பம் எழுந்தவுடன் படைத்தவனிடம் தீர்ப்புக் கேட்டு ஓடுவதே அப்பழக்கம். "நிக் இறந்தானா இல்லையா, நீர் சொல்லும்" என்று கேட்பது பார்ப்பதற்குப் பணிவாகத் தோன்றும். உண்மையில் அது சுவைஞன் தன் உரிமையைத் தானே எழுதிக்கொடுத்துவிடும் செயலாகும்.

1893 இல் கொனன் டொயில் ஷேர்லொக் ஹோம்சை அருவியொன்றில் வீழ்த்தினார். வாசகர் கொதித்தெழுந்தனர். பத்தாண்டு கழித்து, 1903 இல், அவன் வீழவே இல்லை என்று அவரே எழுதினார். இவ்விரண்டில் எது படைத்தவனின் தீர்ப்பு? 2007 ஜூன் மாதத்தில் 'சொப்பிரானோஸ்' எனும் தொடர் நடுக்காட்சியில் திடீரெனத் திரை கறுத்து முடிந்தபொழுது, தம் இணைப்புத்தான் துண்டிக்கப்பட்டதோ என்று பலர் எண்ணினர். அதன் பின்னர் ஆண்டுக்கணக்காக டேவிட் சேஸ் என்பவரைக் காணுமிடமெல்லாம் அதே வினா துரத்திற்று. 'ஏஞ்சலின்' முடிவு அறுந்த முடிவன்று, கருதியே அமைத்த முடிவு என்று ஜோஸ் வீடன் விளக்கியிருந்தார். ஆயினும் 2007 இல் அவருடைய பங்களிப்போடே சித்திரக்கதை வடிவில் அவ்வொழுங்கைக்குப் பின்னர் நடந்தவை விற்பனைக்கு வந்தன. மௌனமே விடை என்று கூறப்பட்ட இடத்தில் விலைச்சீட்டு ஒட்டப்பட்டது.

படைத்தவனின் சொல் படைப்புக்கு வெளியே நிற்பது. அது மாறும், மறக்கப்படும், விற்கப்படும். படைப்பிலே இல்லாத தெளிவை நேர்காணல் ஒன்றினாற் சேர்க்க முடியாது. படைப்பிலே உள்ள தெளிவை நேர்காணல் ஒன்றினால் அழிக்கவும் முடியாது. தீர்ப்பு வேண்டி நிற்கும் பார்வையாளன், துப்பறிவாளன் நிலையிலிருந்து இறங்கி மனுதாரன் ஆகிறான். அதனால் நிறுவனங்களே நன்மையடைகின்றன. குழப்பத்தை விற்பது முதல் வியாபாரம். அதன் விளக்கத்தை விற்பது இரண்டாம் வியாபாரம்.

7

இங்கு நமது மரபு வழங்கும் இரு பாடங்கள் மனங்கொள்ளத்தக்கவை.

வேதாளக் கதையை நாம் எல்லோரும் அறிவோம். 1870 இல் றிச்சர்ட் பேர்ட்டன் அதனை ஆங்கிலத்தில் வெளியிட்டபொழுது வேதாளத்துக்கு ஆண்ட சொல், இரத்தக்காட்டேரியைக் குறிக்கும் 'வம்பயர்' என்பதே. பேய், கதை, புதிர் ஆகிய மூன்றும் இணைந்த இவ்வகைக்கு அப்பழைய கதையும் உறவே. அங்கு வேதாளம் ஒவ்வொரு கதையையும் வினாவில் முடிக்கிறது. விடை தெரிந்தும் கூறாவிட்டால் கேட்டவன் தலை வெடிக்கும். வேதாளம் தன் கருத்தைக் கூறுவதில்லை. விக்கிரமனும் "நீயே சொல்" என்று கேட்பதில்லை. கதையினுள்ளே கிடக்கும் செய்திகளைக் கொண்டு அவனே நியாயந் தீர்க்கிறான். கடைசிக் கதையில், தந்தையும் மகனும் மகளையும் தாயையும் மாறி மணந்தால் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்ற வினாவுக்கு அவன் மௌனம் சாதிக்கிறான். வேதாளம் அம்மௌனத்தை மெச்சுகிறது. ஏனெனில் முன்னைய வினாக்களுக்கெல்லாம் விடை கண்டவனின் மௌனம் அது. எடுத்த எடுப்பிலேயே மௌனஞ் சாதிப்பவனுடையதன்று. படைப்பாளியின் மௌனத்துக்கும் இதுவே விதி. எழுபது இடங்களில் பொறுப்போடு பேசியவனுக்கே எழுபத்தோராவது இடத்தில் வாய்மூடும் உரிமையுண்டு.

மற்றப் பாடம் தொல்காப்பியச் செய்யுளியல் தருவது. செய்யுளின் உறுப்புக்களாக ஆசிரியர் எண்ணியவை முப்பத்து நான்கு. அவற்றுள் 'கேட்போர்' ஒன்று, 'எச்சம்' ஒன்று. கேட்பவனைச் செய்யுளுக்குப் புறத்தே நிற்கும் நுகர்வோனாக அவர் கொள்ளவில்லை; உறுப்பாகவே வைத்தார். கூறாது விடப்பட்டது சொல்லாலோ குறிப்பாலோ நிரம்புதல் வேண்டும் என்பதே எச்சத்தின் இலக்கணம். நிரப்புதற்கு வழியே வையாது விடப்பட்டது எச்சமாகாது, அது குறை. 'ஏஞ்சலின்' ஒழுங்கை எச்சம். 'லாஸ்ற் நைற்' காட்டும் ஓங்கிய கழி குறை. கனடாவிலும் அமெரிக்காவிலும் இருந்து முறையிட்ட அப்பார்வையாளர் இவ்விலக்கணத்தைக் கற்றவர்களல்லர். ஆயினும் அவர்கள் தேடியது இவ்வேறுபாட்டையே.

இறுதியாக, இம்மலரை வாசிக்கும் மாணவருக்கும் விரிவுரையாளருக்கும் ஒன்று. நம் விரிவுரை மண்டபங்களில் "விளங்கவில்லை" என்ற சொல் அரிதாகவே ஒலிக்கிறது. எல்லாம் விளங்கியதனாலன்று, அச்சொல்லைச் சொன்னவன் குறைந்தவனாக மதிக்கப்படுவான் என்ற அச்சத்தினாலேயே. அதனால் விளங்காத கவிதை ஆழமானதாகிவிடுகிறது. விளங்காத கோட்பாடு நவீனமானதாகிவிடுகிறது. விளங்காத விரிவுரை குறிப்பேட்டிற் படியெடுக்கப்பட்டுப் பரீட்சைத் தாளிற் கக்கப்படுகிறது. விளங்காமையை வினவாது ஏற்றுக்கொள்ளப் பழகியவன், நாளை அரசியல்வாதியின் மூடுமந்திரத்தையும் நிருவாகியின் சுற்றறிக்கையையும் அவ்வாறே ஏற்றுக்கொள்வான். ஒரு தொலைக்காட்சித் தொடரின் முடிவைப் பற்றிச் சினந்து, முன்னும் பின்னும் புரட்டிச் சான்று தேடிய பார்வையாளனிடம் அந்நோய் இல்லை. அவனை நகைப்பதற்கு முன்னர் நாம் அவனிடம் கற்றுக்கொள்ளவேண்டியது உண்டு.

விளங்கவில்லை என்று துணிந்து கூறுக. எது விளங்கவில்லை என்பதைப் பிரித்துக் கூறுக. படைப்பினுள்ளே சென்று தேடுக. தேடியும் கிடையாவிட்டால், கூண்டிலிருந்து இறங்கிப் படைப்பை அங்கே ஏற்றுக.